அஃறிணை மாப்பிள்ளை

இல்லை அத்தை, பெரம்பூர் இல்லை. ரயில்வேயிலும் இல்லை. தகப்பன் பெயர் என்ன, எந்தப் பங்குக் கோயில், தமிழ் பேசுவாரா என்று கேட்டிருந்தீர்கள். தகப்பன் இல்லை. பங்கு இல்லை. பேச்சும் இல்லை. பொன்னுதுரை அண்ணாச்சி கடையிலிருந்து லோடு ஆட்டோவில் வந்தது. பீங்கான்.

முறைப்படி தொடங்குகிறேன்.

அன்பும் மரியாதையும் மிகுந்த விஜிலா அத்தைக்கு, தூத்துக்குடியிலிருந்து மருமகள் ஜெர்லின் எழுதுவது. தோத்திரம். சர்வேசுரன் கிருபையால் இங்கே எல்லோரும் நலம், அம்மாவின் வலது முழங்கால் நீங்கலாக. அங்கே வீரபாண்டியன்பட்டினத்தில் நீங்களும் மாமாவும் நலமாயிருக்க மன்றாடுகிறோம். போனிலேயே சொல்லியிருக்கலாம். முயன்றேன். நான் ‘அத்தை’ என்றதும் அழத் தொடங்குகிறீர்கள். அழுது முடிந்ததும் வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தில் குறுக்கே யாரும் அழ முடியாது. அதனால் கடிதம்.

ஒரே வரியில் சொல்கிறேன். ஆங்கிலோ இந்தியன் என்பது ஒரு கக்கூஸ்.

எனக்கும் தெரியாது. இந்த வாரம்தான் தெரிந்தது. கடைகளில் மூன்று வகை இருக்கிறது. தரையோடு பதித்து, குத்தவைத்து உட்காருவது இந்தியன். நம் வீட்டில் இருப்பது அது. நாற்காலி போல உட்காருவது வெஸ்டர்ன். இரண்டுக்கும் நடுவில் பிறந்தது மூன்றாவது. நாற்காலி உயரம் இருக்கும். ஆனால் விளிம்பு அகலமாக, இரண்டு பக்கமும் பாதம் வைக்க வரிவரியாக இடம் விட்டிருக்கும். விரும்புகிறவர் உட்காரலாம். விரும்புகிறவர் மேலே ஏறிக் குத்தவைக்கலாம். அதற்கு வியாபாரிகள் வைத்த பெயர்தான் ஆங்கிலோ இந்தியன். யாரையும் கேட்டு வைத்ததாகத் தெரியவில்லை. கக்கூஸ் என்பதே டச்சுச் சொல், அத்தை. நம் கரையில் முத்தை அள்ளிக்கொண்டு போனவர்கள் பதிலுக்கு விட்டுப்போனது. எம்.ஏ.யில் படித்தேன். படித்தது ஒன்று முதல்முறையாக வீட்டுக்கு உதவுகிறது.

(உண்மையாகவே ஒரு ஆங்கிலோ இந்தியர் என்னைக் கேட்டு வந்திருந்தாலும் நீங்கள் இப்படி அழுதிருக்க வேண்டியதில்லை. அது வேறு கடிதம்.)

நடந்தது இதுதான். அம்மாவுக்கு மூட்டு மாற்று அறுவை முடிந்ததும் டாக்டர் அப்பாவையும் என்னையும் கூப்பிட்டார். சனிக்கிழமை வீட்டுக்கு அழைத்துப் போகலாம், ஆனால் இனி வாழ்நாளில் குத்தவைத்து உட்காரவே கூடாது, உட்கார்ந்தால் உள்ளே வைத்தது கழன்றுவிடும் என்றார். ‘வீட்டுல வெஸ்டர்ன் இருக்கில்ல?’ என்றார். நாங்கள் இருவரும் சுவரைப் பார்த்தோம். ‘சனிக்கிழமைக்குள்ள மாத்திருங்க. மாத்தலன்னா டிஸ்சார்ஜ் கிடையாது.’

வீட்டில் இருப்பது ஒரே ஒரு கக்கூஸ். அதற்குள் ஒரு ஆள் திரும்பினால் கதவு திறந்துகொள்ளும். இரண்டாவது வைக்க இடம் கிடையாது. எந்த வகையோ, அந்த ஒன்றைத்தான் மூன்று பேரும் பங்கிட வேண்டும்.

அப்பாவும் நானும் பொன்னுதுரை அண்ணாச்சி கடைக்குப் போனோம். கண்ணாடிச் சுவர் வைத்த பெரிய கடை. ரோட்டைப் பார்த்தபடி வரிசையாக வைத்திருக்கிறார். வெள்ளை, சந்தன நிறம், ஒரு கறுப்பு. தரையில் நிற்பவை, சுவரில் தொங்குபவை. தொங்குவதைப் பார்த்ததும் அப்பா தலையை ஆட்டினார். ‘கடல்ல தொங்குனது போதும்.’ ‘உக்காந்து பாரும்மா, பழகிப் பாத்துத்தான் எடுக்கணும்’ என்று அண்ணாச்சி என்னிடம் சொன்னார். உட்கார்ந்தேன். வெளியே ஸ்கூட்டரில் என் கல்லூரித் துறைத்தலைவி போனார். வேகத்தைக் குறைத்தார். கையசைத்தார். நானும் கையசைத்தேன். வேறு என்ன செய்வது என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை.

‘நீங்களும் உக்காந்து பாருங்க அண்ணாச்சி’ என்றார் கடைக்காரர், அப்பாவிடம்.

‘நா உக்காரமாட்டேன்.’

‘ஏன்? கப்பல்ல பூரா வெஸ்டர்ன்தான? ஆயுசுல பாதி அதுலதான இருந்திருப்பிய?’

‘இருந்தேன். உக்காரல.’

‘பெறவு?’

‘ஏறி இருந்தேன்.’

டைல்ஸ் பார்க்க வந்த தம்பதி எங்கள் பக்கம் திரும்பினார்கள். ‘ஆரு உக்காந்தான்னு தெரியாத எடத்துல தொடைய வைக்கச் சொல்லுதிய?’ என்றார் அப்பா. ‘நம்ம வீட்டுல நாம மூணு பேருதானப்பா’ என்றேன். ‘அதத்தான் நானும் சொல்லுதேன்’ என்றார். அதன்பின் அண்ணாச்சி கேட்கக் கூடாததைக் கேட்டார். ‘கப்பல் ஆடும்லா? ஏறி இருந்தா விழமாட்டியளா?’

அப்பா தொடையைத் தடவிக்கொண்டார். பிறகு, ‘ஒருதடவ விழுந்தேன்’ என்றார். ‘முதக் கப்பல்ல. காத்து மாறிச்சு. நான் ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். அவன் ரெண்டாப் பொளந்துட்டான்.’

அத்தை, அப்பாவின் தொடையில் இருக்கும் தழும்பு உங்களுக்குத் தெரியும். கம்பி வடம் அறுந்து அடித்தது, நடுக்கடல், சக மாலுமியைக் காப்பாற்றப் போனபோது. அந்தக் கதையைக் கேட்டுத்தான் நான் வளர்ந்தேன். பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதிப் பரிசு வாங்கினேன். அது வடம் இல்லை, பீங்கான். என் தகப்பனின் வீரத்தழும்பு பீங்கான். நான் பக்கத்தில் இருந்த ஒன்றின் மூடியைச் சாத்திவிட்டு மறுபடி உட்கார்ந்தேன்.

இதைக் கேட்ட பிறகு அண்ணாச்சிதான் மூன்றாவது வகையை எடுத்துக் காட்டினார். ‘மதினி உக்காரலாம். நீங்க ஏறலாம். கப்பலு இல்ல, வீடு, ஆடாது.’ அப்பாவின் முகம் மலர்ந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டார். மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து போனில்தான் முடிவைச் சொன்னார். உங்கள் காதில் விழுந்தது அதுதான்.

இங்கே இலக்கணம் ஒன்று சொல்ல வேண்டும். அப்பா இஞ்சின் அறையில் வேலை பார்த்தவர். இஞ்சின் அவருக்கு ‘அவன்’. பம்பு ‘அவன்’. வீட்டு மிக்சி ‘அவன்’. அம்மாவின் கிரைண்டர் மட்டும் ‘அவ’, மரியாதைக்காக. அந்த இரைச்சலில் காதும் பாதி போனது. அதனால் எதையும் சத்தமாகத்தான் சொல்வார். அஃறிணைக்கு உயர்திணை விகுதி, அதுவும் உரக்க. அன்று நீங்கள் அம்மாவின் போனுக்கு அழைத்தீர்கள். நான் எடுத்தேன். நர்ஸ் கூப்பிட்டதால் ‘ஒரு நிமிஷம் அத்தை’ என்று போனைக் கட்டிலில் வைத்துவிட்டுப் போனேன். அப்பா பக்கத்தில் நின்று தன் போனில் அண்ணாச்சியோடு பேசினார். அவர் என்னென்ன சொன்னார் என்று பிறகு விசாரித்தேன். இவ்வளவும் சொல்லியிருக்கிறார்:

‘முடிவு பண்ணியாச்சு அண்ணாச்சி. ஆங்கிலோ இந்தியன்தான். இந்தியன் வேண்டாம், பிளாரன்ஸுக்கு ஒத்துக்கிடாது. முழு வெள்ளைக்காரனும் வேண்டாம், எனக்கு ஒத்துக்கிடாது. இவன்னா ரெண்டு பக்கமும் அனுசரிச்சுப் போவான். நெறம் வெள்ளதான. ஒயரம் சரியா இருக்கான், நேத்தே பாத்தேன். கனம் தாங்குவாம்லா? ஜெர்லின் ஒல்லிதான், அவளுக்கு எவன்னாலும் சரி. சனிக்கிழமைக்கு முன்னால வீட்டுக்குள்ள வந்துரணும். வந்தாம்னா பெறவு ஆயுசுக்கும் இங்கனதான் இருப்பான்.’

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அதுதான் கோளாறு.

நான் திரும்பி வந்து போனை எடுத்தபோது நீங்கள் இல்லை. அதற்குள் இரண்டு பங்கிலும் கல்யாண ஓலை வாசிப்பதற்கு என்ன முறை என்று உங்கள் சாமியாரிடம் விசாரித்துவிட்டீர்கள். கொழும்பில் இருக்கும் சொந்தக்காரர்களுக்கும் சொல்லிவிட்டீர்கள். என் மனம் மாற வெள்ளிக்கிழமை ஒருசந்தி பிடித்திருப்பதாகவும் மாமா சொன்னார். தயவுசெய்து சாப்பிடுங்கள், அத்தை. கக்கூசுக்காக யாரும் ஒருசந்தி இருந்ததில்லை.

செய்தி உங்களிடமிருந்து கிளம்பி எங்கள் மாதா சபைக்கு வந்துசேர எவ்வளவு நேரம் ஆனதோ தெரியாது. சபைப் பெண்கள் ஆரஞ்சுப் பழத்தோடு வார்டுக்குள் வந்தார்கள். அம்மாவுக்கு மருந்து மயக்கம் முழுதாகத் தெளியவில்லை. ‘ஏளா பிளாரன்ஸு, மாப்ள நல்ல வெள்ளையாம்லா? சனிக்கெழமைக்குள்ள வீட்டோட வந்துருதாராமே?’ என்று கையைப் பிடித்தார்கள். அம்மா கண்ணைத் திறந்து அவர்களைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். ‘ஏளா, நா எத்தன மாசம் தூங்கிட்டேன்?’ என்றாள்.

இன்று பொருள் வந்து இறங்கியது. பழையதை உடைக்கக் கொத்தனார் பேச்சிமுத்து வந்திருந்தார். அப்பா கப்பல் திசைகாட்டியோடு உள்ளே நின்றார். நாங்கள் வாஸ்து பார்க்கிற குடும்பம் இல்லை என்று நீங்களே எல்லோரிடமும் சொல்வீர்கள். ஆனால் மாதா கோயிலுக்கு முதுகு காட்டி உட்காரக் கூடாதாம். ‘அண்ணாச்சி, கொழா போற எடத்துலதான் வைக்க முடியும்’ என்றார் பேச்சிமுத்து. ‘மாதாவுக்கு முதுகு காட்டமாட்டேன்னா ரோட்டுக்கு மொகம் காட்டணும். கதவு வேற சின்னது. எது வேணும்னு சொல்லுங்க.’ அப்பா திசைகாட்டியைத் தட்டினார். முள் ஆடியது. ‘சவம், கரையில ஒழுங்கா வேல செய்யாது’ என்றார். பேச்சிமுத்து நாளைக்கு வருகிறேன் என்று போய்விட்டார். எனவே அது இரவு தங்க ஹாலில், திரு இருதயப் படத்துக்குக் கீழே வைக்கப்பட்டது. கீறல் விழாமல் இருக்க அப்பா வெள்ளைப் படுக்கை விரிப்பால் போர்த்தினார்.

சாயங்காலம் அதே சபைப் பெண்கள் வீட்டுக்கு வந்தார்கள். கையில் தட்டு. தட்டில் வாழைப்பழம், சீனி, ஒரு கேக். வாசலில் அப்பா நின்றார்.

‘அம்புரோஸ் அண்ணே, மாப்ள வந்துட்டாவளாமே?’

அப்பாவுக்கு முதல் பாதி கேட்கவில்லை. ‘அவனா? வந்துட்டான், வந்துட்டான். உள்ள வாங்க. ஹால்லதான் இருக்கான்.’

சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார்கள். ஒருவர் முக்காடு போட்டார். நான் சமையலறையிலிருந்து ஓடி வருவதற்குள் அப்பா விரிப்பை உருவிவிட்டார். ‘எப்பிடி இருக்கான்?’ என்றார், பெருமையாக.

முக்காடு போட்டவர் சிலுவை போட்டுக்கொண்டார். தட்டு வைத்திருந்தவர் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் அதன் மூடிமேலேயே வைத்துவிட்டார். நான் விளக்கினேன். வகைகளைச் சொன்னேன். பெயர்க்காரணம் சொன்னேன். அம்மாவின் முழங்காலைச் சொன்னேன். கேட்டு முடித்த ஒரு அம்மாள் மெதுவாக அருகில் வந்து, விளிம்பைத் தட்டிப் பார்த்தார். ‘இது எங்கனளா வாங்குனிய? எங்க மாமியாருக்கும் முட்டு வலிதான்.’

ஆக, அத்தை, தூத்துக்குடியில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. தெரியாதது உங்களுக்கும் கொழும்புக்கும்தான்.

கடைசியாக ஒன்று சொல்லிக்கொள்கிறேன். இது சரியான முடிவு. நிதானமாக யோசித்தேன். அம்மா உட்காரலாம், அப்பா ஏறலாம். ஒருவர் பழக்கத்துக்காக இன்னொருவர் மாற வேண்டியதில்லை. நம் குடும்பத்தில் எந்த விஷயத்திலும் நான் இதுவரை பார்க்காத ஒன்று, சமரசம், ஒரு கக்கூஸ் விஷயத்தில் நடந்திருக்கிறது. எனக்கு ஒருவிதத்தில் பெருமைதான். ஆகவே நீங்கள் யார் யாரிடம் மாப்பிள்ளை என்று சொன்னீர்களோ, அவர்கள் அத்தனை பேரிடமும் கக்கூஸ் என்று திருத்திச் சொல்லும்படி கேட்டுக்கொள்கிறேன்.

மாமாவுக்கு என் தோத்திரம். அவருடைய சர்க்கரை குறையட்டும். உங்கள் கண்ணீர் நிற்கட்டும். மாதா உங்கள் வீட்டைத் தன் சேலைக்குள் வைத்துக் காக்கட்டும். அம்மாவுக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
மணமாகாத, நிச்சயமாகாத,
உங்கள் மருமகள்
ஜெர்லின்

பி.கு. மேலே சமரசம் பற்றி எழுதியதை எல்லாம் ரத்து செய்கிறேன்.

மறுநாள் காலை கடிதத்தை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். உங்களுக்கு அம்மாவும் ஒரு வரி எழுதட்டும் என்று. தலையணையில் சாய்ந்துகொண்டு படித்தாள். தழும்பு வரும் இடத்தில் சிரித்தாள். அவளுக்கு எப்போதோ தெரியுமாம். தட்டு வரும் இடத்தில் தையல் வலிக்கும் அளவுக்குச் சிரித்தாள். ‘சமரசம்’ என்ற சொல் வந்ததும் நிறுத்தினாள்.

‘ஆருக்கும் ஆருக்கும் சமரசம்?’

‘உனக்கும் அப்பாவுக்கும்மா.’

‘என்கிட்ட ஆருளா கேட்டா?’

நான் யோசித்தேன். டாக்டரைக் கேட்டோம். அண்ணாச்சியைக் கேட்டோம். பேச்சிமுத்துவைக் கேட்டோம். திசைகாட்டியைக்கூடக் கேட்டோம்.

‘ஒங்கப்பா ஈரக்காலோட ஏறி இருந்துட்டுப் போவாவ. அந்தக் கால் வச்ச எடத்துல நா உக்காரணும். அப்படித்தான?’

அத்தை, எம்.ஏ. படித்த எனக்கு அது தோன்றவே இல்லை.

பிறகு அவள் சொன்னதைச் சொல்லவேண்டும். உங்கள் மதினிக்கு முட்டு வலி வந்து எவ்வளவு காலம் ஆகிறது என்று உங்களுக்குத் தெரியும். அவ்வளவு காலமாக அவள் எங்கள் வீட்டுக் கக்கூசுக்குப் போகவில்லை. குத்தவைக்க முடியவில்லை. ஒருநாள் உட்கார்ந்து, எழ முடியாமல், வாளியைப் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் உள்ளே கிடந்திருக்கிறாள். நான் ஹாலில் படித்துக்கொண்டிருந்தேனாம். அதற்குப் பிறகு பின்தெரு சந்தனமாரி அக்கா வீடு. மாடு வைத்திருக்கும் அக்கா. அவர் மகன் துபாயிலிருந்து வந்தபோது வெஸ்டர்ன் வைத்துக் கொடுத்தானாம்.

‘விடியக்காலம் ஒருதடவ பால் வாங்கப் போறேன். பொழுதடைய ஒருதடவ பால் வாங்கப் போறேன். மூணு பேருக்கு எதுக்குளா அவ்வளவு பாலு? பாயசம், தயிரு, மோருன்னு ஊத்தி ஊத்தித் தந்தேன். குடிச்சியளே, ஒருத்தராவது ஏன்னு கேட்டியளா?’

‘நடுவுல வந்தா என்னம்மா செய்வ?’

‘வராம இருக்கத் தண்ணி குடிக்கமாட்டேன்.’

அப்பா பக்கத்தில்தான் நின்றார். அவருக்குக் கேட்கவில்லை. ‘என்ன சொல்லுதா?’ என்றார். அம்மா மறுபடி சொன்னாள், உரக்க, முதலிலிருந்து. வார்டு முழுவதும் கேட்டது. பக்கத்துக் கட்டில் அம்மாள் டிவியை நிறுத்தினார்.

‘இத்தன நாளும் ஏன் சொல்லல?’ என்றார் அப்பா.

‘சொன்னா சமரசம் பண்ணுவிய.’

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அங்கே ஒன்றும் இல்லை, தண்ணீர்த் தொட்டிதான். ‘அப்ப நா எங்க போறது?’ என்றார், தொட்டியிடம். ‘கப்பல்ல ஏறி இருந்தது போதும்’ என்றாள் அம்மா. ‘இனிமே எறங்கி இருங்க.’

கொஞ்ச நேரம் கழித்து அவர் என்னிடம் வந்தார். ‘ஏளா, லோடு ஆட்டோக்காரன் நம்பர் வச்சிருக்கியா?’ என்று மட்டும் கேட்டார்.

ஆகவே, அத்தை, யாரிடமும் எதையும் திருத்தவேண்டாம். விசாரிப்பவர்களிடம், பெண்ணின் அம்மாவுக்கு ஆங்கிலோ இந்தியன் பிடிக்கவில்லை, திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று சொல்லுங்கள். சத்தியம் செய்தே சொல்லலாம்.

இந்தத் தாளையும் சேர்த்து உறையை ஒட்டுவதற்கு முன், நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். லோடு ஆட்டோவில் முன்னால் உட்கார்ந்து அண்ணாச்சி கடைக்குப் போனேன். அதைத் திருப்பிக் கொடுத்தேன். அம்மாவைப் போனில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வெஸ்டர்னிலும் உட்கார்ந்து தரையிலிருந்து எவ்வளவு உயரம், என் முழங்கால் எவ்வளவு மடங்குகிறது என்று சொன்னேன். அவள் போதும் என்று சொன்னதை எடுத்து வந்தேன்.